லிட்டருக்கு ஒன்றரை

ஆனி 22, வெள்ளி

கார் வந்துவிட்டது. வெள்ளை நிறம். சின்ன வண்டிதான், ஐந்து பேர் உட்காரலாம். சாவியோடு இந்த நோட்டையும் ஷோரூமில் கொடுத்தார்கள். சர்வீஸ் விவரம் எழுதி வைக்கவாம். மூர்த்தி அதைப் பின்சீட்டில் வீசினான். நான் எடுத்துக்கொண்டேன். வண்டி எவ்வளவு தூரம் ஓடியது, எவ்வளவு பெட்ரோல் குடித்தது என்று இதில் எழுதப்போகிறேன். மற்றக் கதைக்கு இந்த நோட்டு இல்லை.

நான் ஐந்தாவது வரைதான். அதற்கு மேல் அனுப்பவில்லை. ஆனால் பதினாறாம் வாய்ப்பாட்டைக் கீழிருந்து மேலே சொல்வேன். வகுத்தல் கணக்கில் என்னை இந்த ஊரில் ஒருத்தரும் ஏமாற்ற முடியாது. கார் வாங்கலாம் என்று பேச்சு வந்தபோது என் மகன் திருமூர்த்தி நிறம் பார்த்தான். மருமகள் இந்துமதி டிக்கியைத் திறந்து பார்த்தாள். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று விளம்பரத் தாளில் தேடிப் படித்தது மயிலாத்தாளாகிய நான் ஒருத்திதான். இருபத்தைந்து என்று போட்டிருந்தது.

இந்து இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. வருஷம் திரும்பாமல் புது வண்டி எடுக்கக் கூடாது என்று சொந்தத்தில் எல்லோரும் சொன்னார்கள். மூர்த்தி கேட்கவில்லை. "அவ புக் பண்ணுன வண்டிம்மா. அவளுக்கு எடுத்துக் குடுக்கோணும்" என்றான். மாலை போடவில்லை. எலுமிச்சம்பழம் நசுக்கவில்லை. நேரே பெட்ரோல் பங்குக்குப் போய் டாங்கை வாய்வரை நிரப்பினோம்.

நானும் பேத்தி தன்விகாவும் பின்னால். மூர்த்திக்குப் பக்கத்து சீட்டு காலி. பங்கை விட்டு ரோட்டுக்கு ஏறியதும் வண்டி டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. பக்கத்து சீட்டில் ஆள் இருந்து பெல்ட் போடாவிட்டால் அப்படித்தான் அடிக்குமாம். "ஆளே இல்லையேடா" என்றேன். மூர்த்தி கையை நீட்டி, காலி சீட்டுக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினான். சத்தம் நின்றது.

புது வண்டி. மிஷின் பழகுவதற்கு நாலு நாள் ஆகும்.

ஆனி 25, திங்கள்

மூர்த்தி இன்றுதான் திரும்ப வேலைக்குப் போனான். காற்றாலைகளைப் பழுது பார்க்கும் கம்பெனி. போக வர இருபத்திரண்டு கிலோமீட்டர். மீட்டரும் அதையேதான் சொல்கிறது.

ஆனி 31, ஞாயிறு

இன்று டாங்கை மறுபடி வாய்வரை நிரப்பினோம். போன தடவை நிரப்பியதிலிருந்து ஓடியது 175 கிலோமீட்டர். பிடித்த பெட்ரோல் ஏழு லிட்டர். ஏழால் வகுத்தால் இருபத்தைந்து. தாளில் போட்டிருந்ததற்கு ஒரு புள்ளி குறையவில்லை. நோட்டில் பெரிதாக எழுதி இரண்டு கோடு போட்டேன்.

பங்குக்குப் பக்கத்தில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் ஜாபர் பார்த்துவிட்டான். "ஏனுங்காத்தா, பரீச்சைக்கா படிக்கிறீங்க?" என்றான்.

"படிச்சுப் பாஸ் பண்ணியாச்சு. உன்ற கடைக்கு வர்ற வண்டியில எதாச்சும் இருவத்தஞ்சு குடுக்குதா, சொல்லு பாக்கலாம்."

"என்ற வாயக் கெளறாதீங்க. எங்கூட்டு வண்டி பதினாலு."

"பாத்து வாங்கோணும் சாமி."

ஜாபர் சிரித்தான். மூர்த்தி சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த வண்டிக்குக் காத்திருந்தபோது, ஷோரூமில் வேறு மாடலில் ஒரு சிவப்பு வண்டி உடனே கிடைக்கும்படி இருந்தது. அது லிட்டருக்குப் பதினெட்டுதான். நல்ல சாமான் வேண்டுமென்றால் காத்திருக்கத்தான் வேண்டும். நான் காத்திருக்கச் சொன்னது தப்பே இல்லை என்று இந்தக் கணக்கு சொல்கிறது.

சொன்னது என்று எழுதிவிட்டேன். நினைத்தது என்று இருக்க வேண்டும்.

ஆடி 2, செவ்வாய்

காரின் உள்ளே கூட்டினேன். மூர்த்திக்குப் பக்கத்து சீட்டில், கால் வைக்கும் இடத்தில் மேட் நனைந்து கிடந்தது. மழை இல்லை. பத்து நாளாக வெறும் காற்று. தன்வி தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்திருப்பாள் என்று அதட்டினேன்.

"நான் எங்கீ ஆத்தா முன்னாடி உக்காந்தேன்? அது ஆள் வர்ற சீட்டு" என்றாள்.

"எந்த ஆள்?"

"அப்பா கர்ச்சீப் போட்டு வெச்சிருக்குது பாரு."

பஸ்ஸில் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப் போட்டு இடம் பிடிப்போமே, அதுபோல ஒரு கர்ச்சீப் விரித்துக் கிடந்தது. நீலப் பூப்போட்டது. அதை நான் தொடவில்லை. மேட்டை மட்டும் எடுத்து வடகத்துக்குப் பக்கத்தில் காயப் போட்டேன்.

ஆடி 7, ஞாயிறு

150 கிலோமீட்டர். பத்து லிட்டர். பதினைந்து.

மூன்று தடவை வகுத்தேன். மூன்று தடவையும் பதினைந்து. பங்கில் அளவு குறைக்கிறார்கள் என்று சத்தம் போட்டேன். பெட்ரோல் போடும் பையன் ஐந்து லிட்டர் அளவுக் கேனைக் கொண்டுவந்து என் கண் முன்னால் பிடித்துக் காட்டினான். கோட்டுக்கு ஒரு நூல்கூடக் குறையவில்லை. எனக்குத்தான் தலைகுனிவு.

வீட்டுக்கு வந்து வண்டியைக் கழுவினேன். அந்தப் பக்கத்து சீட் வெகுவாக முன்னால் இழுத்திருந்தது. குள்ளமான ஆள் உட்கார்ந்தால்தான் அப்படி இழுப்பார்கள். இந்து என் தோளுக்குத்தான் இருப்பாள். பஸ்ஸில் சீட் நுனியில் உட்கார்ந்தும் கால் எட்டாது என்று சொல்லிச் சிரிப்பாள்.

சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டேன். அடியில் இருக்கும் கம்பியைத் தூக்கித் தள்ள வேண்டும், கொஞ்சம் பலம் வேண்டும். என்னிடம் இருக்கிறது.

ஆடி 8, திங்கள்

சீட் மறுபடி முன்னால்.

ஆடி 9, செவ்வாய்

மேட் இன்றும் நனைந்திருந்தது. பிழிந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் வரும். முகர்ந்து பார்த்தேன். வாய்க்கால் பாசி வாடை. புது வண்டியின் ஏசித் தண்ணீருக்கு அப்படி ஒரு வாடை இருக்கும்போல.

காலையில் இட்லிக்கு அரிசி ஊறப் போட்டேன். கொள்ளுத் துவையல் அரைத்தேன். தன்விக்குப் பேன் பார்த்தேன். ஒரு வேலையும் பாக்கி வைக்கவில்லை. ஆனாலும் மனம் அந்த மேட்டிலேயே நிற்கிறது.

ஆடி 12, வெள்ளி

சாயங்காலம் மூர்த்தி வந்து வண்டியைத் தாவாரத்தில் நிறுத்தினான். எஞ்சினை அணைக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தான். கண்ணாடி ஏற்றியிருந்தது. அவன் வாய் அசைவது தெரிந்தது. போனில் பேசுகிறான் என்று நினைத்தேன். போன் வீட்டுக்குள் சார்ஜில் கிடந்தது. இன்று அவன் எடுத்துப் போகவே இல்லை.

கண்ணாடியைத் தட்டினேன். இறக்கினான். உள்ளேயிருந்து ஜில்லென்று காற்று வந்து என் கையில் அடித்தது.

"ஏன்டா கண்ணு, நிக்கற வண்டியில எதுக்கு ஏசி? பெட்ரோலு போகுதல்ல?"

"புழுங்குதும்மா."

"ஆடிக் காத்து ஆளைத் தூக்கீட்டுப் போகுது. உனக்கென்ன புழுக்கம்?"

"எனக்கில்லீங்" என்றான்.

கண்ணாடியை ஏற்றிவிட்டான். கன்னம் ஒட்டிப்போய்விட்டது அவனுக்கு. முப்பத்தாறு வயதுப் பிள்ளை, ஐம்பது வயதுபோல இருக்கிறான். எனக்கு இருப்பது அவன் ஒருவன்தான்.

ஆடி 14, ஞாயிறு

41 கிலோமீட்டர். 27 லிட்டர்.

லிட்டருக்கு ஒன்றரை.

மூர்த்தி டாங்க் நிரப்பும்போது இறங்கவே இல்லை. நான் இறங்கிப் போய் ஜாபரைத் தனியாகக் கூப்பிட்டேன். மேட் நனைவதையும் சொன்னேன்.

"அது ஒண்ணுமில்லீங்காத்தா. ஏசித் தண்ணி வெளிய போற கொழாய் அடைச்சிருக்கும். ஓடற வண்டின்னா தெரியாது. ஒரே எடத்துல ஏசியப் போட்டு மணிக்கணக்கா நின்னா, தண்ணி உள்ளாற எறங்கும். அந்தப் பக்கந்தான் எறங்கும்."

"பெட்ரோலு?"

"நின்னாலும் எஞ்சின் குடிக்குமுங்கல்ல. கிலோமீட்டர் ஏறாது, பெட்ரோலு எறங்கும்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்போது ஜாபர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "உங்ககிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு இருந்தேன். மூர்த்தியண்ணன் வேலைக்குப் போறதில்லீங். அஞ்சாறு நாளாச்சு. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் வண்டி வாய்க்கால் மேட்டுல நிக்குது. எஞ்சின் ஓடிட்டே நிக்குது. கிட்டப் போனேன், போடான்னு கையக் காட்டுனாரு."

"வாய்க்கால் மேட்டுல எங்க?"

கேட்டிருக்க வேண்டியதில்லை. எந்த இடம் என்று எனக்கே தெரியும். வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர். போக வர எட்டு. ஐந்து நாளுக்கு நாற்பது. கணக்கு இடிக்கவே இல்லை.

ஒன்று மட்டும் இடிக்கிறது. சீட்டை யார் முன்னால் இழுக்கிறார்கள் என்று ஜாபரிடம் கேட்கவில்லை. மூர்த்திதான் இழுப்பான்.

ஆடி 15, திங்கள்

இது கார் நோட்டு. ஆனாலும் எழுதுகிறேன்.

வைகாசி பதினாறு காலையில் நல்ல மழை. இந்து உடுமலையில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தாள். ஸ்கூட்டரில்தான் போவாள். அன்று வாசலில் இரண்டு பேருக்கும் சண்டை. "வண்டி எப்பத்தான் வரும்? நீங்கதான் தள்ளிப் போட்டுட்டே இருக்கீங்க" என்றாள். "ஷோரூம்காரன் லேட் பண்றான், நான் என்ன பண்ணட்டும்?" என்றான் இவன். அவள் நம்பவில்லை. பேச்சு ஏறியது. கடைசியில் இவன் சொன்னது எனக்குக் கேட்டது. "அப்பிடியே நனைஞ்சுட்டே போடி."

போனாள். வாய்க்கால் மேட்டில் சேறு. ஸ்கூட்டர் வழுக்கித் தண்ணீருக்குள் போனது. அவளை இரண்டு மைல் தள்ளி மதகில்தான் எடுத்தார்கள்.

நான் அடுப்படியில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் போகவில்லை. புருஷன் பெண்டாட்டி பேச்சுக்குள் மாமியார் எதற்கு?

ஷோரூம்காரன் ஏன் தாமதம் செய்தான் என்று எனக்குத் தெரியாது என்று இதற்குக் கீழே எழுதினேன். அந்த வரியை இப்போது அடித்துவிட்டேன்.

ஆடி 17, புதன்

நாளைக்குப் பதினெட்டாம் பெருக்கு. மூர்த்தி காலையில் தானாக வந்து பேசினான். முகம் கழுவி, சவரம் செய்திருந்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"நாளைக்கு வாய்க்காலுக்குப் போறம்மா. மூணு பேரும்."

"செரி கண்ணு. எலுமிச்சஞ்சோறும் தயிர்சோறும் கட்டறேன்."

"நீங்க வர வேண்டாம். மூணு பேருன்னுதான சொன்னேன்."

விரல் விட்டு எண்ணினேன். அவன், தன்வி. மூன்றாவது விரலை மடக்கிக்கொண்டேன்.

மத்தியானம் தன்வியின் பையை எடுத்துப் பார்த்தால் உள்ளே அவள் பொம்மை, இரண்டு கவுன், பல் விளக்கும் பிரஷ். "எதுக்குடி இதெல்லாம்?" என்றேன்.

"அப்பா சொல்லுச்சு. அங்கியே இருந்துக்கலாமாம்."

"எங்க?"

"முன்சீட்டு ஆள் இருக்கற எடத்துல."

குழந்தை அதைப் பள்ளிக்கூடம் போவதுபோலச் சொல்கிறது. பேன் பார்த்த கையால் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். பையைப் பிரித்து எல்லாவற்றையும் பீரோவில் பூட்டினேன். அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரியும்.

ஆடி 18, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மூர்த்தியே தன்விக்குத் தலை சீவிப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டான். பின்சீட்டில் உட்கார வைத்து பெல்ட் மாட்டினான். அவன் முன்னால் ஏறுவதற்குள் நான் மறுபக்கத்துப் பின்கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டேன். மடியில் சோற்றுத் தூக்குப்போசி.

"எறங்குங்கம்மா."

"மாட்டேன்."

"உங்களுக்கு அங்க வேலையில்லீங்."

"அம்பது வருசமாப் பதினெட்டுக்கு நான் வாய்க்காலுக்குப் போறேன். நீ பொறக்கறதுக்கு முந்தியிருந்து போறேன். என்னைய எறக்கறதுக்கு நீ யாருடா?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்து சீட்டைப் பார்த்தான். உத்தரவு கேட்பதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வண்டியை எடுத்தான். அந்த சீட்டுக்குக் குறுக்கே பெல்ட் மாட்டியே இருந்தது. காலி சீட்டில் பெல்ட் சப்பையாகத் தொங்கும். இது தொங்கவில்லை. ஒரு சாண் தூக்கலாக, மேலே எதையோ அணைத்த மாதிரி நின்றது. நான் அதற்குமேல் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வாய்க்கால் கரை தொட்டுப் போகிறது. தண்ணீர் கலங்கல். படித்துறையில் பெண்கள் கூட்டம், ஆனால் அது வெகு தூரத்தில். மூர்த்தி மேட்டில் திருப்பி, வண்டியின் மூக்கு தண்ணீரைப் பார்க்கும்படி நிறுத்தினான். அந்த இடத்தில் தடுப்புச் சுவர் இல்லை. நாலடி மண், அப்புறம் வாய்க்கால். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஏசிக் காற்று என் கால்வரை வந்தது.

"பாப்பா வந்திருக்கா பாரு" என்றான் பக்கத்து சீட்டிடம். தினமும் பேசுகிற குரல்.

நான் தன்வியின் பெல்ட்டை விடுவித்தேன். "கண்ணு, நீ எறங்கிப் படித்தொறைக்கு ஓடு. ஆத்தா பின்னாடியே வர்றேன்" என்று காதில் சொல்லி அவள் பக்கத்துக் கதவைத் திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை. என் பக்கத்துக் கதவும் திறக்கவில்லை. குழந்தைகள் உள்ளிருந்து திறக்காமல் இருக்கப் பின்கதவில் ஒரு பூட்டு உண்டு. இரண்டு பக்கமும் போட்டிருந்தான்.

அவன் கை கியர் மேல் இருந்தது.

கத்தியிருக்கலாம். அவன் கழுத்தைப் பிடித்திருக்கலாம். எழுபது வயதுக்காரி பிடித்து என்ன ஆகும்? அவனிடம் சொல்லாமல் நான் வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னால் அவன் எனக்குப் பிள்ளையாக இருக்க மாட்டான். சொல்லாவிட்டால் அவனே இருக்க மாட்டான்.

"மூர்த்தி, ஷோரூம்காரன் லேட் பண்ணுலடா" என்றேன்.

அவன் திரும்பவில்லை.

"சித்திரை இருவத்தெட்டாந்தேதி உனக்கு போன் வந்துச்சு. நீ குளிச்சுட்டு இருந்தே. நான் எடுத்தேன். செகப்பு வண்டி ஒண்ணு ரெடியா இருக்குது, வைகாசி மூணாந்தேதி எடுத்துக்குங்கன்னு அந்தத் தம்பி சொன்னான். வேண்டாம், வெள்ளையே வரட்டும், ரெண்டு மாசமானாலும் இருக்கறோம்னு நான் சொல்லீட்டேன். பெரியவங்க சொன்னா செரீங்னு வெச்சுட்டான். உங்க ரெண்டு பேர்த்துகிட்டயும் நான் சொல்லுல."

"ஏம்மா?" என்றான்.

"மைலேஜுக்கு."

முன்கண்ணாடியில் அவன் உதடு அசைவது தெரிந்தது. எண்ணிக்கொண்டிருந்தான். மூன்றிலிருந்து பதினாறு. பதிமூன்று நாள். பதிமூன்று நாளும் அவள் காரில் போயிருப்பாள். பதினாறாம் தேதி மழையிலும் காரில் போயிருப்பாள்.

"அன்னைக்கு நான் அவளை என்ன சொன்னேன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். அடுப்படியில இருந்தேன்."

"கேட்டுட்டா இருந்தீங்க?"

"கேட்டுட்டுத்தான் இருந்தேன். நாந்தான் வண்டிய நிறுத்துனேன்னு அப்பவே சொல்லியிருந்தா நீங்க ரெண்டு பேரும் ஒட்டுக்கா என்னையத் திட்டியிருப்பீங்க. சண்டை உங்களுக்குள்ள வந்திருக்காது. அவ கோவிச்சுட்டுப் போயிருக்க மாட்டா. நீ அவளைக் கொல்லுலடா. உன்ற மேல அவளுக்கு என்ன கோவம் இருந்தாலும் அது எனக்கு வர வேண்டியது. கேட்டுக்கம்மா இந்து. எனக்கு வர வேண்டியது."

அவள் பேரை நான் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. பக்கத்து சீட்டைப் பார்த்துத்தான் சொன்னேன்.

மூர்த்தியும் அந்தப் பக்கம் திரும்பினான். தலையைச் சாய்த்துக் காது கொடுத்தான். பால் பொங்குகிற நேரம் அப்படியே இருந்தான். தன்வி என் விரலை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எனக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

"செரி" என்றான் மூர்த்தி. என்னிடம் சொல்லவில்லை.

எஞ்சினை அணைத்தான். கியரிலிருந்து கையை எடுத்தான். இறங்கி வந்து தன்வி பக்கத்துக் கதவை வெளியிலிருந்து திறந்து அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். என்னைப் பார்க்கவே இல்லை. வாய்க்கால் ரோட்டில் வீட்டுப் பக்கமாக நடந்தான். தன்வி மட்டும் அவன் தோளுக்குப் பின்னால் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டே போனாள்.

நான் திறந்த கதவோடு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். காற்றுகூட இல்லை. தூரத்துக் காற்றாலைகள் எல்லாம் நின்றிருந்தன.

முன்சீட்டில் டக்கென்று ஒரு சத்தம். பெல்ட்டின் பூட்டு விட்டது. பெல்ட் சரசரவென்று இழுத்துக்கொண்டு மேலே ஏறியது. கதவு திறக்கவில்லை. ஆனால் சீட்டின் மெத்தை, ஆள் எழுந்தால் எழும்புமே, அதுபோல மெதுவாக எழும்பியது.

"இந்து" என்று கூப்பிட்டேன். பதில் வந்தால் என்ன பேசுவது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டேன்.

பெல்ட்டைச் சரியாக மாட்டியிருக்க மாட்டான். அவ்வளவுதான் எழுதுவேன்.

மூர்த்தி சொல்லி அனுப்பினானோ என்னவோ, ஜாபர் வந்து வண்டியை எடுத்தான். "ஏறுங்காத்தா" என்றான். நான் ஏறவில்லை. நாலு கிலோமீட்டரும் நடந்தே வந்தேன். பக்கத்தில் யாராவது நடக்கிறார்களா என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆடி 19, வெள்ளி

விற்றுவிடச் சொல்லி மூர்த்தி காரை ஜாபர் கடையில் விட்டுவிட்டான். இனி எழுத கிலோமீட்டர் இல்லை.

ஆடி 27, சனி

நோட்டில் பக்கம் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

மூர்த்தி கம்பெனி வேனில் வேலைக்குப் போகிறான். என்னோடு பேசுவதில்லை. ஒன்பது நாளாக ஒரு வார்த்தை இல்லை. எல்லாம் தன்வி வழியாகத்தான். ஒரே அறையில் நானும் அவனும் நிற்போம். அவள் நடுவில் நிற்பாள்.

"ஆத்தா, அப்பா சட்டை எங்கீன்னு கேக்குது."

"கொடியில கெடக்குதுன்னு சொல்லு கண்ணு."

"அப்பா, கொடியில கெடக்குதாம்."

நேற்று அவளுக்கே அலுத்துவிட்டது. "நீங்களே பேசிக்குங்க. எனக்கு வாய் வலிக்குது" என்று போய்விட்டாள்.

அவன் என்னை மன்னிக்க மாட்டான். அது எனக்குத் தெரியும். நான் கேட்கவும் மாட்டேன். அவன் ராத்திரி தூங்குகிறான். தன்விக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறான். ஒன்றிரண்டு தடவை அவளைச் சிரிக்க வைத்ததும் காதில் விழுந்தது.

இன்று அரை நாள் வேலை. மத்தியானம் வந்து சாப்பிட உட்கார்ந்தான். தன்வி பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருந்தாள். நான் பரிமாறினேன். பருப்பு, அப்புறம் ரசம். தட்டு காலியானது. இன்னும் வேண்டுமா என்று நான் கேட்க முடியாது. வேண்டும் என்று அவன் சொல்ல முடியாது. சொல்ல ஆள் இல்லை. இரண்டு பேரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எழுந்துவிடுவான் என்று நினைத்தேன். எழவில்லை. இரண்டு விரலால் தட்டை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தினான்.

சோறு போட்டேன்.